கீச்கீச்சா, கிறீச்கிறீச்சா

கடையில் தொலைபேசி ஒலித்தால் அவள் பெயரையோ முகவரியையோ முதலில் கேட்பதில்லை. "மெஷின் என்ன சத்தம் போடுது? அப்படியே வாயால சொல்லுங்க" என்பாள்.

முதல்முறை அழைப்பவர்கள் தயங்குவார்கள். வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் சிரித்துவிட்டுச் சொல்லிவிடுவார்கள். அலுவலகத்திலிருந்து பேசுகிறவர்களுக்குத்தான் சங்கடம். ஒரு வங்கி மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது இந்த முனையில் கேட்டது. திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, கடன் விண்ணப்பத்தை மறுக்கிற குரலில், "தட, தட, தட" என்றார்.

"இப்படி நிறுத்தி நிறுத்தியா சார்? இல்ல தடதடன்னு விடாம வருதா?"

"விடாமத்தான் வருது. எனக்கு அவ்வளவு வேகமாச் சொல்ல வரல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடையின் பின்பக்கம் திரும்பி, "தடதட, ஸ்பின்ல" என்று குரல் கொடுத்தாள். அங்கே ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் எழுந்து, வேனில் கொண்டுபோக வேண்டிய சாமான்களை எடுத்து வைத்தார்.

கீழே சலவை மெஷின் பழுதுபார்க்கும் கடை, மாடியில் வீடு. ஊரில் அவருக்குப் பெயர் மெஷின்காரர், அவளுக்கு மெஷின்காரம்மா. கடகட என்றால் பேரிங் போய்விட்டது. லொடலொட என்றால் எங்கோ ஒரு போல்ட் கழன்றிருக்கிறது. கிணுகிணு என்றால் யாரோ சட்டைப்பையைத் துழாவாமல் துணியைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கெல்லாம் இரட்டைக்கிளவி என்று பெயர். பிரித்தால் பொருள் தராது என்று சொல்லிக்கொடுப்பார்கள். இந்தக் கடையில் பிரித்தாலும் பொருள் தரும். ஒற்றை டொக் என்றால் கதவுப் பூட்டு, டொக்டொக் என்றால் ட்ரம்மைத் தொங்கவிட்டிருக்கும் ஸ்பிரிங்.

ஆனால் போனில் வருகிற சொல் வேனை நிரப்புவதற்கு மட்டும்தான். மெஷினுக்கு முன்னால் போய் நின்ற பிறகு அவர் அந்தச் சொல்லை நம்ப மாட்டார். மெஷினை ஓடவிட்டு, அதன் பக்கவாட்டுத் தகட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "நீங்க லொடலொடன்னு சொன்னீங்க. இது கடகடங்குது" என்று தன் சொல்லைச் சொல்வார். அதற்கப்புறம்தான் திருகாணியில் கை வைப்பார். அது தப்பியதில்லை. அவருக்கு ஸ்பேனர் எதற்கு, காது போதுமே என்று வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு என்றாலும் ஆட்கள் வந்தது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

கடைப் பழக்கம் மாடிக்கும் ஏறியிருந்தது. "காலையில கடுகடுன்னு இருந்தீங்க, இப்ப என்ன கலகலங்குது?" என்பாள் அவள்.

"கடுகடுன்னு ஒரு சத்தமே கிடையாது."

"உங்க மூஞ்சியில இருக்கு. வேணும்னா கண்ணாடியில காதை வெச்சுப் பாருங்க."

அவளுடைய தம்பி அடுத்த தெருவில் உதிரி பாகங்கள் விற்கிறவன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அவனுக்கு அவர் வைத்த பெயர் லொடலொட. "மச்சான் வர்றான், யாராவது ஒரு போல்ட்ட முறுக்கிவிடுங்க" என்பார். "மாமா, என்னை முறுக்கற ஸ்பேனர இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் போடல" என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே வருவான்.

கடையின் வேலையில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தது. அது ஒரு பெண்கள் விடுதியின் சலவை அறை. வார்டன் ஐம்பதைக் கடந்தவர், வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அவர் அழைத்தால் வணக்கம்கூடப் பாதியில்தான் தொடங்கும்.

"கடைசி மெஷின். சுத்தறப்ப விட்டு விட்டுக் கத்துது. கீன்னு."

"கீச்கீச்" என்று அவள் பின்பக்கம் சொன்னாள். கீச்கீச் என்றால் பெல்ட். அவர் பெல்ட்டோடு போனார், மாற்றினார், திரும்பி வந்து, "சத்தம் போயே போச்சு" என்றார்.

மறுநாள் வார்டன் அழைத்தார். "போன சத்தம் திரும்பி வந்துடுச்சு."

மெஷின்காரர் மச்சானின் கடையில் இன்னும் நல்ல பெல்ட்டாக ஒன்று கேட்டார். "மாமா, அந்த ஒரு மெஷினுக்கே பெல்ட்டா வாங்கறீங்களே, அதுக்கு இடுப்பு கிடுப்பு பெருத்துடுச்சா?" என்றான் அவன். அவர் சிரிக்கவில்லை. போய் மாட்டிவிட்டு வந்தார். "இப்ப சுத்தமா இல்ல" என்றார்.

மூன்றாம் முறை வார்டன் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனா மெஷின் கத்துது. இன்னொரு தரம் வந்து பாக்கட்டும். அதுக்கப்புறமும் கத்துச்சுன்னா நான் எல்லா மெஷினையும் வேற ஆள்கிட்ட விட வேண்டியிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

இதை அவள் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கவுன்ட்டரில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடும்போது அன்றைய மெஷின்களைப் பற்றிச் சொல்வது அவர் வழக்கம். எந்த வீட்டில் எது எப்படிக் கத்தியது என்று வாயாலேயே செய்து காட்டுவார். அதில் பாதி நடிப்பு. யோசித்துப் பார்த்தபோது, கொஞ்ச காலமாக அவர் சொன்னவையெல்லாம் தடதடவும் கடமுடவும் குடுகுடுவுமாகவே இருந்தன என்பது அவளுக்கு உறைத்தது. கீச்கீச் இல்லை. கிணுகிணு இல்லை. கீச்சுக்குரலில் சத்தம் போடும் மெஷின்கள் எல்லாம் ஊரைவிட்டே போய்விட்டதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் விட்டாள். சற்று நேரத்தில் அது பீப்பீப் என்று கூப்பிட ஆரம்பித்தது. கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் புரட்டினார். ஃபிரிட்ஜ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் விளையாட்டுச் செய்தியைப் படித்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க" என்றாள் மெதுவாக. சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. மைக்ரோவேவில் எதையாவது சூடுபண்ண வைத்தால் அவர் அதன் முன்னாலேயே நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். பசி பொறுக்காதவர், பறக்காவெட்டி என்று அவள் கேலி செய்துகொண்டிருந்தாள். அவர் பசியால் நிற்கவில்லை. முடிந்ததும் அது அடிக்கிற மணி அவருக்குக் கேட்கவில்லை.

நேராகக் கேட்கலாம் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தாள். கேட்டால் அவர் இல்லை என்பார். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த இல்லையைக் காப்பாற்றுவதே அவருக்கு வேலையாகிவிடும். தவிர, அவர் ஏன் மறைக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். காதுக்குப் பேர் போன மனிதருக்குக் காது போய்விட்டது என்று ஊரில் ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும். விடுதி போகும், பின்னாலேயே வீடுகளும் போகும். அவளுக்கும் அதே பயம்தான். அவள் பயந்தது அதற்கு மட்டுமல்ல. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்ட அந்த மனிதரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வார்டனம்மா மறுபடி கூப்பிட்டாங்க. நானும் வரேன் விடுதிக்கு" என்றாள் மறுநாள் காலை.

"நீ எதுக்கு?"

"கவுன்ட்டர்லயே உக்காந்து கால் மரத்துப்போச்சு. நீங்களும் அங்கேயே போயிட்டிருக்கீங்க, என்ன விசேஷம்னு பாக்க வேணாமா?"

"அந்த வார்டனம்மா என்னைப் பாத்து இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல."

"அதனாலதான் அவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கிளம்புங்க."

தம்பியைக் கூப்பிட்டுப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் வேனில் ஏறினாள்.

சலவை அறை விடுதியின் பின்புறத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஈரமும் சோப்பு வாசனையும் சேர்ந்த வெக்கை. சுவரோரம் நீள பெஞ்சு. அதில் வாளிகளோடு சில மாணவிகள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தி பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மற்ற மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் யாரிடமும் பேசவில்லை. கடைசி மெஷினின் சத்தம் வாசலிலேயே அவளுக்குக் கேட்டது. இரைச்சலுக்கு நடுவே ஊசி குத்துவதுபோல் தனியாகக் கேட்டது.

அவர் குனிந்து தகட்டில் காதை வைத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை அவள் முன்பு பார்த்ததில்லை. வகுப்பில் கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து நிற்கும் பையனின் முகம் அது.

அவள் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மெஷினுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டு, தனக்குத்தானே பாடுவதுபோல், சத்தம் வரும்போதெல்லாம் அதைத் தன் வாயால் சொன்னாள். அவள் குரல் அவருக்குக் கேட்கும். மெஷினிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்வார். அவருக்கும் தெரிய வேண்டாம், வார்டனுக்கும் தெரிய வேண்டாம்.

"என்ன முணுமுணுங்கிற?" என்றார் அவர்.

"பாட்டு."

"கீச்கீச்னு ஒரு பாட்டா?"

அவர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது ஸ்பின்னுக்குப் போனது. மற்றவை ஒவ்வொன்றாக நின்றுவிட்டிருந்தன, பக்கத்து மெஷின் மட்டும் கூடவே சேர்ந்துகொண்டது. தரை அதிர்ந்தது. இனி எதைச் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"உனக்குத் தெரியுமா?" என்று கத்தினார்.

"என்ன தெரியுமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. எப்பலேருந்து தெரியும்?"

"ஃபிரிட்ஜ் கதவு."

"எந்தக் கதவு?"

"அதான் விஷயமே. அது பக்கத்துல நின்னு கூப்பிடுது, நீங்க பேப்பர் படிக்கிறீங்க."

"அப்ப வீட்டுக்குள்ளேயே என்னை வேவு பாத்திருக்க."

"வேவு இல்ல, கவலை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"இது வெளியில தெரிஞ்சா எவன் என்னை நம்பி மெஷின் குடுப்பான்? யோசிச்சியா?"

"நான் யார்கிட்ட சொன்னேன்? உங்ககிட்டக்கூடச் சொல்லலியே. ஆனா நீங்களும் எங்கிட்ட சொல்லல. உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்குக் கீச்சும் கேக்கல, கூச்சும் கேக்கல. போதுமா" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

'எனக்கு' என்று அவர் தொடங்கும்போது இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. 'போதுமா' என்று முடிக்கும்போது இரண்டும் நின்றிருந்தன. அந்தச் சொல் அறையின் நடுவில் பாத்திரம் விழுந்ததுபோல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண் விழித்துக்கொண்டாள். வாசலில் சாவிக்கொத்தோடு வார்டன் நின்றிருந்தார்.

மெஷின்காரர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார்.

"எவ்வளவு காலமா?" என்றார் வார்டன்.

"சரியாத் தெரியலம்மா." அவர் நிமிரவில்லை. "முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. போற இடமெல்லாம் மெஷினுங்க சாதுவா ஓடுச்சு. நம்ம வேலை சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன்."

பெஞ்சில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்ப அந்த ரெண்டு பெல்ட்டும்?"

"வீண்தான். பழைய பெல்ட்டுலயே கோளாறு இல்ல."

வார்டன் மெஷினை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபக்கம் நின்ற அவளைப் பார்த்தார். "உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"கழட்டத் தெரிஞ்சவர் ஒருத்தர், காது கேக்கறவங்க ஒருத்தர். ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு நான் எப்பவும் கேக்கலியே" என்றார் வார்டன். "பிள்ளைங்க காத்திருக்காங்க. பாருங்க."

மெஷின்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மெஷினின் பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டார். ட்ரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினார். "சொல்லு" என்றார்.

"கீச்கீச்."

"அது நீ போன்ல சொல்றது. யார் என்ன சொன்னாலும் உன் வாய்க்கு வசதியா மடிச்சு எனக்குத் தர்றது. அப்பல்லாம் நான் இங்க வந்து பிரிச்சுப் பாத்துக்குவேன். இப்ப என்னால முடியாது. உன் காதுல விழறத அப்படியே சொல்லு."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அடுத்தவர்களைச் சொல்லச் சொன்னவளுக்கு இது எவ்வளவு கடினம் என்று இப்போதுதான் தெரிந்தது. சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்குரிய சொல் வர மறுத்தது. "கீ... இல்ல. இருங்க. கிறீ."

"கீச்கீச்சா, கிறீச்கிறீச்சா? நடுவுல அந்த 'றீ' உரசுதா?"

"உரசுது."

"மேடம், கிறீங்னு வருது" என்றாள் பெஞ்சிலிருந்து ஒருத்தி.

"கிறீங் இல்லடி, முடிவுல இழுக்குது. கிறீஈச்."

"எனக்குச் சுருக்குன்னு கேக்குது."

"உனக்குக் காதுல ஹெட்போன் இருக்கு, அத எடு முதல்ல."

மாணவிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மெஷினைச் சுற்றிக் குந்தினார்கள். அவர் ட்ரம்மைச் சுற்றச் சுற்ற ஆளுக்கொரு சத்தமாகப் போட்டார்கள். அவர் காதைத் திருப்பவில்லை, வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வாயும் ஒரே நேரத்தில் அகலமாக விரிந்து, ஒரே நேரத்தில் மூடின. "ஒரு சுத்துக்கு ஒரு தரம்" என்றார் தனக்குள். பிறகு உரக்க, "கிறீச்தானே?" என்று கேட்டார்.

"கிறீச்" என்றார் வார்டன், கதவருகே நின்றபடி, வருகைப் பதிவு எடுக்கிற முகத்தோடு.

கீச்கீச் என்றால் ரப்பர் வழுக்குகிறது. கிறீச்கிறீச் என்றால் இரும்பு இரும்பைக் கீறுகிறது. பெல்ட்டைக் கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்பதிலேயே பாதி தெரிந்துவிட்டது. அவர் ஹீட்டரைக் கழற்றினார். அது இருந்த துவாரத்துக்குள் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு, நீள மூக்குக் குறடை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே வந்தபோது குறட்டின் வாயில் வில்போல் வளைந்த ஒரு கம்பி இருந்தது. உள்ளாடை எதிலிருந்தோ நழுவி, ட்ரம்முக்கும் தொட்டிக்கும் இடையில் போய் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீறல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மாணவிகள் கூரையைப் பார்த்தார்கள். "யாரோடதுன்னு கேக்க மாட்டேன்" என்றார் வார்டன். அப்போது அவர் உதடு ஒரு பக்கம் லேசாக நெளிந்தது. அது சிரிப்புதான் என்று மெஷின்காரம்மா பின்னால் அடித்துச் சொன்னாள், மெஷின்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி மெஷினை ஓடவிட்டதும், பழக்கத்தில் தகட்டை நோக்கிக் குனிந்தவர், பாதியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப?"

அவள் காதைத் தகட்டில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "சளசளன்னு தண்ணி மட்டும்."

"அது எனக்கும் கேக்குது" என்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் தம்பியை அழைத்தாள். "ஒருத்தர் போன் பண்ணினார்க்கா, மெஷின் சரியில்லையாம்" என்றான்.

"என்ன சத்தமாம்?"

"சொல்ல வந்தார். நான் பேசிட்டிருந்தேன், வெச்சுட்டார்."

அவள் போனை வைத்துவிட்டு, "உங்க மச்சானை அங்க உக்கார வெச்சா கடை தாங்காது" என்றாள். "இனிமே கடை போனை என்னோட செல்லுக்கே மாத்திடலாம். எங்க போனாலும் எடுத்துக்கறேன்."

எங்கே போனாலும் என்பதன் பொருள் அவருக்குப் புரிந்தது. இனி அவளும் கூடவே வருவாள்.

"காது டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடலாம்" என்றாள்.

"காட்டலாம்."

"கருவி வெச்சுக்கச் சொன்னா வெச்சுக்கணும்."

"வெச்சுக்கறேன். இன்னைக்கு அத்தனை பிள்ளைங்க முன்னாடி கத்தியாச்சு. இனி மறைக்க என்ன இருக்கு?" ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டு, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "இந்த வண்டியில ஏதாவது சத்தம் வருதா?"

"வருதே."

அவர் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா. உங்க வண்டி, நீங்க கண்டும் காணாம ஓட்டறீங்கன்னு நினைச்சேன்."

"என்ன மாதிரி?"

"இப்ப இல்ல. இடது பக்கம் திரும்பறப்ப மட்டும்."

வழியில் கட்டடம் எழும்பாத ஒரு காலி மனை இருந்தது. அவர் வேனை அதற்குள் இறக்கினார். ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, முன்சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தாள். தூசி எழுந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?" என்றார் அவர்.

"அவசரப்படாதீங்க" என்றாள் அவள், தலையை உள்ளே இழுக்காமலேயே. "இன்னொரு சுத்து போங்க. இத மடிக்காமச் சொல்றேன்."